தொடாதே அண்ணனின் பிரவுசர்

கெட்டுப்போன பொருளைத் தொடப் பயப்படுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது நியாயமான பயம். கை சுடும், ஷாக் அடிக்கும், பழி நம் தலையில் விழும். நான் இங்கே அறிமுகப்படுத்தப் போகிற இனம் வேறு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பொருளைத் தொடப் பயப்படுகிற இனம் இது. தொடாதே இனம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதைவிட நல்ல பெயர் உங்களிடம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த இனத்தாருக்குத்தான் பிடிக்காது.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். இவர்கள் வீட்டு டிவி ரிமோட், வாங்கிய அன்று போட்டிருந்த பிளாஸ்டிக் உறையோடுதான் இன்றும் இருக்கும். உறை மஞ்சளாகி, எண்கள் மறைந்து, சத்தத்தைக் கூட்டினால் சேனல் மாறும், ஆனாலும் உறையைக் கழற்ற மாட்டார்கள். சுவர்க் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடும். அதைத் திருத்த மாட்டார்கள், வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும், வந்த விருந்தாளி உட்பட, மனசுக்குள் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். மின்விசிறியை என்றோ ஒரு நாள் நான்கில் வைத்தபோது 'கிடுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அன்றிலிருந்து மூன்றுதான். வேர்த்து ஊற்றினாலும் மூன்றுதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதையையும், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதையையும் இவர்கள் வாயால் கேட்க வேண்டும். நெருங்கிய சொந்தக்காரருக்கு நேர்ந்த விபத்தைச் சொல்வது போல அத்தனை துக்கத்தோடு சொல்வார்கள்.

எல்லாத் தொழிலிலும் இந்த இனம் உண்டு. ஆனால் நீர் பாய்ச்சி உரம் போட்டது மாதிரி செழித்து வளர்வது இணையதளங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில்தான்.

அப்படி ஒரு அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். முகத்துக்கு நேராக எல்லோரும் 'அண்ணே' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'தொடாதே அண்ணன்'. அவருடைய மேசைக்கடியில் ஒரு கணினி இருந்தது. அதன் நெற்றியில் 'தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். துப்புரவு செய்ய வருகிற அம்மாகூட அதைச் சுற்றித்தான் பெருக்குவார். அதனால் கணினியைச் சுற்றிலும் வரப்பு கட்டியது போல ஒரு தூசுக்கோடு விழுந்திருந்தது. யாராவது அதைச் சுட்டிக்காட்டினால், "அந்தத் தூசுதான் அதுக்குக் காவல்" என்பார் அண்ணன்.

அவருடைய வேலை இதுதான். ஊரில் சொந்த வீடு இல்லாதவர்கள் வீட்டு வாரியத்தின் குடியிருப்புக்கு விண்ணப்பம் போடுவதற்கென்று ஒரு இணையதளம் உண்டு. அதைச் செய்து கொடுத்துப் பராமரிப்பது அவருடைய கம்பெனி. தளம் ஒழுங்காக இருக்கிறதா என்று தினமும் ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டிருக்க முடியுமா? அதற்காக ஒரு புரோகிராம். அதுவே பிரவுசரைத் திறக்கும், இல்லாத ஆளின் பெயரை எழுதும், பிறக்காத பிள்ளைக்குப் பிறந்த தேதி போடும், பொத்தானை அமுக்கும். சரியாக வந்தால் திரையில் பச்சை. தப்பாக வந்தால் சிவப்பு. பிரவுசரை இப்படி ஓட்டுகிற புரோகிராமுக்கு அந்தத் தொழிலில் டிரைவர் என்று பெயர்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பிரவுசர் என்பது சும்மா இருக்கிற ஜந்து அல்ல. மாதத்துக்கு ஒரு தரம், யாரையும் கேட்காமல், தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு அடுத்த வெர்ஷனுக்குப் போய்விடும். டிரைவர் அப்படிப் போகாது. பிரவுசர் எந்த வெர்ஷனோ அதற்கேற்ற டிரைவரை நாம்தான் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். மறந்தீர்களோ, காலையில் வந்த டிரைவர் வண்டியைப் பார்த்துவிட்டு, 'இது என் வண்டி இல்லை' என்று ஸ்டியரிங்கைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு முறை அப்படித்தான் உட்கார்ந்துவிட்டார். வாரியத்து அதிகாரிகள் வந்திருக்கிறார்கள்; மேனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு பெரிய திரையைக் காட்டி, "நம்ம தளம் எவ்வளவு ஆரோக்கியமா இருக்குன்னு நீங்களே பாருங்க" என்கிறார்; திரை முழுக்கச் சிவப்பு. தளத்தில் ஒரு குறையும் இல்லை, பிரவுசர் மாறியதுதான் காரணம். ஆனால் சிவப்பு சிவப்புதானே? அதிகாரிகள் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பார்ப்பதற்கு யாரும் இல்லாததால் தரையைப் பார்த்தார். அன்று மதியமே, பிரவுசர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக்கூடிய வழிகளையெல்லாம் எலி வளையை அடைப்பது போல ஒவ்வொன்றாக அடைத்தார். அதற்கப்புறம் பச்சை. மழையடித்தாலும் வெயிலடித்தாலும் பச்சை.

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வெர்ஷனைப் பிடித்து நிறுத்துவது தப்பில்லை. அந்தத் தொழிலில் கெட்டிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். சோதனையின் நடுவில் வண்டி மாறினால் எதை நம்புவது? ஆனால் நிறுத்தியவர்கள், புது வெர்ஷன் வந்ததும் தனியாக அதிலும் ஒரு தரம் ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் எல்லாவற்றையும் அங்கே நகர்த்திக்கொண்டு போவார்கள். அண்ணன் முதல் பாதியை மட்டும் செய்தார். ஊர் உலகம் எல்லாம் மாதாமாதம் நகர்ந்துகொண்டே போக, அண்ணனின் பிரவுசர் மட்டும் மேசைக்கடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

தினமும் காலையில் காபி தம்ளரோடு வருவார். திரையைத் திறப்பார். பச்சை. "ஆங்" என்பார். அந்த 'ஆங்' கேட்டால்தான் மேனேஜருக்குக் காபி இறங்கும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை; அந்தப் பச்சைத் திரையைப் படம் பிடித்து வாரியத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு அறிக்கையிலும் முதல் பக்கத்தில் போடுவார். எப்படி வந்தது என்று கேட்க மாட்டார். பச்சை வந்தால் சரி.

ஒரு நாள் புகார்ப் பிரிவுக்காரி வந்து நின்றாள். தொலைபேசியில் வருகிற திட்டுகளையெல்லாம் கம்பெனியின் சார்பில் வாங்கிக்கொள்வது அவள் வேலை.

"அண்ணே, விண்ணப்பத்துல கடைசியா இருக்கற 'அனுப்பு' பட்டன் அமுங்கலைன்னு போன் மேல போன் வருது."

"என் பக்கம் பச்சைம்மா."

"நிறைய பேர் சொல்றாங்கண்ணே."

"நிறைய பேருக்கு அமுக்கத் தெரியாது."

"நானே என் போன்ல போட்டுப் பாத்தேன். வரல."

அண்ணன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்கு எப்பத்துலேருந்து இப்படி?" என்றார்.

பிறகு, பொறுமையாக, அப்படிப் போன் செய்கிறவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் எடுத்தார்: பக்கத்தை மூடித் திறக்கச் சொல்லு, போனை அணைத்துப் போடச் சொல்லு, பழைய விவரங்களை அழிக்கச் சொல்லு, வேறு நெட்டில் முயற்சிக்கச் சொல்லு, அதற்கும் வரவில்லையென்றால் கொஞ்ச நேரம் கழித்து முயற்சிக்கச் சொல்லு, கழித்தும் வரவில்லையென்றால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அண்ணன் அதைத் திருப்பிப் போட்டார். கூடம் நேராகத்தான் இருக்கிறது, ஊரில் ஆடுகிறவர்கள்தான் எல்லோரும் கோணல்.

அவளும் அப்படியே சொன்னாள். ஊரும் அப்படியே செய்தது. மூடியது, திறந்தது, அணைத்தது, அழித்தது. பொத்தான் மட்டும் சாம்பல் நிறத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

இப்போது வீட்டுக்குப் போவோம். அண்ணன் குடும்பம் இருந்தது வாடகை வீட்டில். வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்துவிட்டார். அவனை இங்கே குடிவைக்க வேண்டும், காலி செய்துவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். இது அவர்களுக்குப் புதிதல்ல. எத்தனையோ வீடு மாறியதில், மகள் பள்ளிக்கூடப் பையில் முகவரியைப் பென்சிலால் எழுதப் பழகியிருந்தாள். அண்ணன் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வாரிய அறிவிப்புக்காகப் பல காலம் காத்திருந்து, இந்தத் தடவை எப்படியும் விண்ணப்பித்துவிடுவது என்று இருந்தாள். சொந்தமாக ஒரு கதவு. ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத ஒரு சுவர். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"என்னங்க, இந்தப் பட்டன் அமுங்கவே மாட்டேங்குது."

"மெதுவா அமுக்கிப் பாரு."

"மெதுவாத்தான் அமுக்கறேன்."

"அப்போ அழுத்தி அமுக்கு."

"விரல் தேஞ்சு போச்சு. உங்க ஆபீஸ் பண்ணின சைட்டுதானே இது?"

"அதனாலதான் சொல்றேன். அதுல தப்பு வராது. தினம் காலைல பாக்கறேன், பச்சை."

"நான் தினம் சாயங்காலம் பாக்கறேன். சாம்பல்."

அண்ணன் சிரித்தார். பெண்களுக்கும் கணினிக்கும் என்று ஏதோ ஒரு பழைய ஹாஸ்யத்தை ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினார்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளும் வந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை; அழுகை வருகிற முகத்தோடு கடைக்குக் கிளம்பினாள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. மனைவி அழுகிறாள் என்பதா, தன்னுடைய பச்சையை நம்பவில்லை என்பதா, எது அதிகமாகச் சுட்டது என்று அவருக்கே தெரியாது. "மதியம் ஆபீசுக்கு வா. என் மெஷின்ல உன்னையே அமுக்க விடறேன். அப்பவாவது ஒத்துக்கோ, தப்பு சைட்டுல இல்ல, உன் போன்லன்னு" என்றார்.

வந்தாள். அண்ணன் மேசைக்கடியில் குனிந்து, தூசுக்கோடு கலையாமல் விசைப்பலகையை மட்டும் மேலே எடுத்துக் கொடுத்தார். அவள் பெயர், பிறந்த தேதி, எல்லாம் எழுதினாள். பொத்தான் நீலமாகி மினுமினுத்தது. அமுக்கினாள். 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று வந்தது.

"பாத்தியா!" என்றார் அண்ணன். பரீட்சையில் தானே பாஸ் ஆனது போல முகம் மலர்ந்திருந்தது.

அவள் பெருமூச்சு விட்டாள். சந்தோஷம்தான். ஆனால் அவளால் அதோடு விட முடியவில்லை. "அப்போ என் போன்ல ஏன் வரல?"

"போன்ல தப்பு."

"கடை கம்ப்யூட்டர்லயும் வரலையே?"

"அதுலயும் தப்பு."

"எதிர்வீட்டு அக்கா லேப்டாப்ல?"

"அதுலயும்தான்."

"ஊர்ல இருக்கற எல்லாத்துலயும் தப்பு. இது ஒண்ணுதான் சரி. அப்படியா?"

"அப்படித்தான்" என்றார் அண்ணன், மனப்பூர்வமாக.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். பூனையாவது மூடிய கண்ணைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வதில்லை.

மறுநாள் காலை, 'ஆங்' முடிவதற்குள் மேனேஜர் கூப்பிட்டார். உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். அதுவே நல்ல சகுனமில்லை.

"வாரியத்துலேருந்து போன். நேத்தோட விண்ணப்பம் முடிஞ்சு எண்ணிப் பாத்திருக்காங்க." அலுவலகங்களில் முடிந்தபிறகு எண்ணுவதுதானே வழக்கம். "நாம சோதனைக்குப் போட்டதைக் கழிச்சா, போன வாரத்துக்கு அப்புறம் ஊர்லேருந்து ஒரு விண்ணப்பம்கூட வரல."

"ஜனங்களுக்கு ஆர்வம் குறைஞ்சிருக்கும் சார்."

"ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு. நேத்து மதியம். நம்ம ஆபீசுலேருந்து. உன் வீட்டம்மா பேர்ல."

அண்ணன் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் கதவு சாத்தியிருக்கு, சோதனை பண்றவன் வீட்டுக்கு மட்டும் திறந்திருக்கு. என்ன நினைப்பாங்க? மோசடின்னு எழுதப் போறாங்க. உன் வேலை போகும், அது வேற. உன் சம்சாரம் பேரைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுட்டாங்கன்னா இனி ஜென்மத்துக்கும் வாரிய வீடு கிடைக்காது. உண்மையைச் சொல்லு. மத்தவங்களுக்குப் பட்டனைப் பூட்டினது நீதானே?"

நண்பரே, இந்த இடத்தில் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? யோசித்தார்! அவருக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஒன்று மோசடிக்காரனுக்கு, ஒன்று முட்டாளுக்கு. ஏதாவது ஒன்றில் உட்கார்ந்தே ஆக வேண்டும். முதல் நாற்காலியில் உட்கார்ந்தால் வேலை போகும், வீடு போகும், ஆனால் நாலு பேர், 'படு கில்லாடிய்யா, ஊரையே பூட்டிட்டுச் சாவியை இடுப்புல செருகிட்டிருந்தான்' என்று பேசிக்கொள்வார்கள். இரண்டாவதில் உட்கார்ந்தால் இத்தனை வருஷத்துப் பச்சையும் குளத்துப் பாசியாகிவிடும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், முதல் நாற்காலி அவருக்குக் கௌரவமாகத் தோன்றியது. இந்த இனத்தை இதைவிடத் தெளிவாக என்னால் வர்ணிக்க முடியாது.

பிறகு அவர் மனைவியை நினைத்தார். மெதுவாக அமுக்கியதை, அழுத்தி அமுக்கியதை, கட்டைவிரல் சரியில்லையோ என்று ஆள்காட்டி விரலால் அமுக்கியதை. அவள் பெயரைக் கறுப்பில் எழுதப் போகிறார்கள்.

"பூட்டல சார். பழசு."

"என்ன பழசு?"

"என் பிரவுசர்."

மேனேஜரின் லேப்டாப்பைத் திறந்தார்கள். சாம்பல். புகார்ப் பிரிவுக்காரியைக் கூப்பிட்டு அவள் போனில் பார்த்தார்கள். சாம்பல். அண்ணன் மேசையில் பார்த்தார்கள். நீலம், மினுமினு. பழைய பிரவுசரில் இருந்த ஒரு வசதியைப் புதிய வெர்ஷனில் எடுத்துவிட்டிருந்தார்கள். எடுக்கப்போகிறோம் என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். பொத்தான் அந்த வசதியை நம்பித்தான் உயிரோடு இருந்தது. ஊரில் பிரவுசர் மாறிய வாரம் பொத்தான் செத்துப்போனது. மேசைக்கடியில் மட்டும் அமோகமாக வாழ்ந்தது.

"அப்போ நீ தினம் காட்டின பச்சை?"

"பச்சைதான் சார். ஆனா அந்த வெர்ஷனை இப்போ யாரும் வெச்சிக்கல."

"யாருமேவா?"

"நான் வெச்சிருக்கேன்."

மேனேஜர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எப்போது சொன்னார் என்று கேட்கிற நிலையில் யாரும் இல்லை. வாரிய அதிகாரிக்குப் போன் போட்டார். அதிகாரி நம்பவில்லை, இவ்வளவு பெரிய அசட்டுத்தனம் ஒரு மனுஷனால் முடியுமா, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்றார். முடியும் என்று மேனேஜர் உறுதி சொன்னார். அதுவும் போதாமல் அண்ணன் நேரில் போய், மூன்று அதிகாரிகள் முன்னால் நின்று, தான் மோசடிக்காரன் அல்ல, வெறும் அசடு என்பதை ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டியதாயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் செய்த சோதனை ஒன்றில் முடிவு சரியாக வந்தது.

கறுப்பில் எழுதவில்லை. மேசைக்கடியிலிருந்து போன விண்ணப்பத்தை ரத்து செய்தார்கள். பொத்தானைச் சரிசெய்து, கடைசித் தேதியைத் தள்ளி வைத்தார்கள். அண்ணன் மனைவி, எல்லோரையும் போல, தன் போனிலேயே மறுபடி விண்ணப்பித்தாள். ஒரே அமுக்கு. போய்விட்டது.

வீடு ஒதுக்க வாரியம் நடத்திய குலுக்கலில் அவர்கள் பெயர் வரவில்லை.

அன்று அண்ணன் ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். இன்னொரு வாடகை வீட்டுக்காகச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அவள் நிமிரவில்லை.

"வீடு வரலைன்னு எனக்கு வருத்தம்தான். அடுத்த தடவை பாத்துக்கலாம். ஆனா அந்த ஒரு வாரம் முழுக்க நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எனக்குத்தான் அமுக்கத் தெரியல, நான் படிச்சது போதல, நான் மக்குன்னு நினைச்சேன். நீங்க சொன்னீங்க, நான் நம்பினேன். ஊர்ல எத்தனை பேர் அப்படி நினைச்சிருப்பாங்க? தேதியைத் தள்ளி வெச்சது எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்? நமக்கு இதெல்லாம் ஆகாதுன்னு போனை மூடி வெச்சவங்க வெச்சவங்கதானே?"

அண்ணன் குனிந்து, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். உங்கள் அலுவலகத்திலேயே இப்படி ஒருவர் உண்டு என்று பெயர்கூட நினைவுக்கு வந்திருக்கும். நல்லது. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மைத்துனர் பொறுப்பில்லாதவர், மகன் கூச்ச சுபாவம், பழைய நண்பன் எப்போதும் தன் காரியத்திலேயே குறி என்றெல்லாம் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறீர்களே, அதை எப்போது கடைசியாக ஓட்டிப் பார்த்தீர்கள்? என்றோ ஒரு நாள் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. அதற்கப்புறம் அந்த மனிதர்கள் எத்தனை தரம் மாறியிருப்பார்கள். உங்களைக் கேட்டுக்கொண்டா மாறுவார்கள்? அவர்கள் வந்து, 'நீங்க நினைக்கற மாதிரி நான் இல்லை' என்று சொன்னால், அவர்களிடம்தான் ஏதோ கோளாறு என்று அனுப்பிவிடுகிறீர்கள். போன வாரம்கூட யாரிடமோ மார்தட்டிக்கொண்டீர்கள்: இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன், எங்கள் வீட்டில் இருப்பவரைப் பற்றி எனக்கா தெரியாது என்று. தெரியும், சரி. எந்த வெர்ஷன்?